துடைக்க வேண்டிய இடமும் விட்டுவிட வேண்டிய இடமும்

கேள்வி: எங்கள் மகளுக்கு 14 மாதம் ஆகிறது, இப்போதுதான் நடக்கத் தொடங்கியிருக்கிறாள். நுண்ணுயிர்கள் எங்கும் நிறைந்திருக்கின்றன என்று படித்ததிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. நாளுக்கு மூன்று முறை கிருமிநாசினி ஊற்றித் தரையைத் துடைக்கிறேன். இன்னும் வலுவாக இருக்கட்டும் என்று சில நாள் இரண்டு திரவங்களைக் கலந்தும் துடைத்திருக்கிறேன். கீழே விழுந்த பொம்மையை ஒவ்வொரு முறையும் கொதிநீரில் போட்டு எடுக்கிறேன். இத்தனைக்குப் பிறகும் அவளுக்குக் காதில் தொற்று வந்து, 7 நாள் ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டியதாயிற்று. மருந்து முடிந்து மூன்று நாள் ஆகிறது. நாளுக்கு மூன்று, நான்கு முறை இளகலாகப் போகிறாள், மற்றபடி விளையாடிக்கொண்டுதான் இருக்கிறாள். "உள்ளே இருந்த நல்ல கிருமியெல்லாம் செத்துவிட்டது, புரோபயாடிக் வாங்கிக் கொடு" என்கிறார் மாமியார். "மண்ணில் விளையாட விடு, எல்லாம் சரியாகும்" என்கிறார் கணவர். யார் சொல்வது சரி? கிருமியே இல்லாத வீடு என்று ஒன்று முடியவே முடியாதா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

முதலில் குழந்தையின் வயிற்றைப் பற்றிப் பேசிவிடுவோம், மற்றவை காத்திருக்கும். ஆன்டிபயாடிக் கொடுக்கும் நாட்களிலும் முடித்த பின் சில நாட்களும் மலம் இளகிப் போவது குழந்தைகளிடம் அடிக்கடி காண்பதுதான். பெரும்பாலும் தானாகவே நின்றுவிடும். அதுவரை தாய்ப்பாலையோ வழக்கமான உணவையோ நிறுத்தாமல், வெளியேறும் நீருக்கு ஈடாக ஓ.ஆர்.எஸ். கரைசலை, உறையில் குறித்துள்ள அளவுத் தண்ணீரில் கலந்து, சிறிது சிறிதாகக் கொடுத்து வாருங்கள். ஆனால் மலத்தில் இரத்தம் தெரிந்தாலும், காய்ச்சல் வந்தாலும், வாந்தி நிற்காவிட்டாலும், சிறுநீர் குறைந்து வாய் உலர்ந்து கண் குழிந்தாலும், குழந்தை வழக்கத்துக்கு மாறாகச் சோர்ந்து தூங்கிக்கொண்டே இருந்தாலும், இந்தப் பதிலை அப்படியே வைத்துவிட்டு உடனே மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள். ஒரு வாரம் ஆகியும் நிற்கவில்லை என்றாலும் காட்டத்தான் வேண்டும். நான் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவன்; குழந்தையைத் தொட்டுப் பார்க்கும் மருத்துவரின் இடத்தில் என்னை வைத்துக்கொள்ள வேண்டாம்.

அடுத்ததும் அவசரமானதே. இரண்டு திரவங்களைக் கலப்பதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். பிளீச்சிங் திரவத்தோடு கழிவறைக்கு ஊற்றும் அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். அம்மோனியா உள்ள திரவம் சேர்ந்தால் குளோரமின் கிளம்பும். இரண்டும் மூச்சுக்குழாயையும் நுரையீரலையும் புண்ணாக்குபவை. குளோரின் காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமானது என்பதால் அது தரையை ஒட்டியே தங்கும்; உங்கள் மூக்குக்கு எட்டுவதற்கு முன்பே, தரையில் உட்கார்ந்து விளையாடும் குழந்தையின் மூக்குக்கு எட்டிவிடும். உங்கள் கடிதத்தில் என்னை உண்மையிலேயே பதறவைத்த வரி இது ஒன்றுதான். நீங்கள் அஞ்சுகிற கிருமிகள் எனக்கு அவ்வளவு அச்சம் தரவில்லை.

நம் மொழியில் 'கிருமி' என்ற சொல்லே பாதிக் குழப்பத்துக்குக் காரணம் என்று எனக்கு நெடுநாளாகத் தோன்றுவதுண்டு. வயிற்றில் நெளியும் புழுவுக்கும் அந்தச் சொல்தான், காலராவைத் தரும் பாக்டீரியாவுக்கும் அந்தச் சொல்தான், நம் தோலில் யாருக்கும் தொந்தரவு தராமல் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் உயிர்களுக்கும் அதே சொல்தான். மனிதருக்கு நோய் தரக்கூடியவை என்று 2001ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் ஒரு பட்டியல் எடுத்தபோது, பாக்டீரியா, வைரஸ், பூஞ்சை, ஒட்டுண்ணிப் புழுக்கள் அனைத்தையும் சேர்த்தும் 1,415 இனங்களே தேறின. மண்ணிலும் கடலிலும் காற்றிலும் நம் உடலிலும் வாழும் நுண்ணுயிர் இனங்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் இது ஒரு கைப்பிடி அளவு. மற்றவற்றுக்கு நாம் இருப்பதே தெரியாது. தெரிந்தாலும் நம்மால் அவற்றுக்கு ஆக வேண்டியது ஒன்றுமில்லை.

ஆய்வகத்தில் புதிதாகச் சேர்பவர்களுக்கு நான் முதல் நாள் தரும் வேலை ஒன்றுண்டு. நுண்ணுயிர்கள் வளர்வதற்கான அகர் என்னும் கூழை ஊற்றி உறையவைத்த வளர்ப்புத் தட்டு ஒன்றை எடுத்து, அதன் அடிப்புறத்தில் பேனாவால் கோடிட்டு நான்காகப் பிரிக்கச் சொல்வேன். முதல் பகுதியில் கழுவாத விரலை மெல்ல ஒற்ற வேண்டும். இரண்டாவதில் வெறும் தண்ணீரில் நனைத்துக் கழுவிய விரல். மூன்றாவதில் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிய விரல். நான்காவதில் சானிடைசர் தடவிக் காய்ந்த விரல். மூடி, 37 டிகிரி வெப்பத்தில் ஓர் இரவு வைத்துவிட்டு மறுநாள் திறந்தால், விரல் ரேகையின் வளைவிலேயே வரிசையாக வெண்புள்ளிகள் எழுந்திருக்கும்; நடுவே எலுமிச்சை மஞ்சளில் ஒன்றிரண்டு பளபளக்கும். கண்ணுக்குத் தெரிகிற ஒவ்வொரு புள்ளியும் முந்தைய நாள் அங்கே வந்து ஒட்டிய ஒற்றை உயிரோ சிறு கொத்தோ பெருகி உண்டான கூட்டம். புதியவர்கள் திகைப்பது இரண்டாம் பகுதியைப் பார்த்துத்தான்: தண்ணீரில் மட்டும் நனைத்த விரலில் சில சமயம் கழுவாத விரலைவிட அதிகப் புள்ளிகள் இருக்கும். தோலின் இடுக்குகளில் ஒட்டியிருந்தவற்றைத் தண்ணீர் இளக்கி மேலே கொண்டுவந்திருக்கும், கொண்டுபோயிருக்காது. சோப்புப் பகுதியில் புள்ளிகள் குறைந்திருக்கும். சானிடைசர் பகுதியில் இன்னும் குறைவு. ஆனால் முற்றிலும் வெறுமையான பகுதியை நான் எப்போதாவதுதான் பார்த்திருக்கிறேன். தட்டைக் கையில் வைத்திருக்கும் அந்த இளைஞருக்கு எந்த நோயும் இல்லை என்பதையும் அப்போதே சொல்லிவிடுவேன்.

அந்த வெண்புள்ளிகளில் பெரும்பாலானவை ஸ்டெஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் என்னும் பாக்டீரியா. உங்கள் தோலிலும் இருக்கிறது, குழந்தையின் தோலிலும் இருக்கிறது, அங்கே அது ஒரு தீங்கும் செய்வதில்லை. அதே பாக்டீரியா, நரம்பில் செருகிய மருந்துக் குழாய் வழியாக இரத்தத்துக்குள் போய்விட்டால், அல்லது செயற்கை இதய வால்வில் ஒட்டிக்கொண்டால், உயிருக்கு உலை வைக்கும். ஈ.கோலை என்னும் குடல் பாக்டீரியாவின் பெரும்பாலான வகைகளும் அப்படித்தான்: குடலில் இருக்கும் வரை சாது, சிறுநீர்ப் பாதையில் ஏறிவிட்டால் தொற்று. ஆகவே நான் யாரிடமும் 'கிருமி இருக்கிறதா' என்று கேட்பதில்லை. அது எங்கிருந்து, எந்த வழியாக, எங்கே போய்ச் சேர்கிறது என்றுதான் கேட்பேன். உங்கள் கேள்விகள் அத்தனைக்கும் இந்த ஒரு கேள்வியை வைத்தே பதில் சொல்லப் போகிறேன்.

உங்கள் மகளின் குடலிலிருந்து தொடங்குகிறேன். ஏறத்தாழ 70 கிலோ எடையுள்ள ஒருவரின் உடலில் மனிதச் செல்கள் 30 லட்சம் கோடி, பாக்டீரியாக்கள் 38 லட்சம் கோடி என்று 2016இல் வெளியான கணக்கு சொல்கிறது. நுண்ணுயிர்கள் நம் செல்களைப் போலப் பத்து மடங்கு என்று இன்றும் பலர் எழுதுவது, 1970களில் யாரோ போட்ட மனக்கணக்கு வழிவழியாக வந்தது. இந்த 38 லட்சம் கோடியையும் சேர்த்து நிறுத்தால் 200 கிராம்தான் தேறும்; ஏறக்குறைய அனைத்தும் பெருங்குடலில்தான் இருக்கின்றன. நாம் செரிக்க முடியாமல் விட்ட நார்ப்பொருளை அவை நொதிக்கவைத்துச் சிறு கொழுப்பு அமிலங்களாக்குகின்றன. அவற்றில் ஒன்றான பியூட்டிரேட், பெருங்குடலின் உட்சுவர்ச் செல்களுக்கு முதன்மையான எரிபொருள். வைட்டமின் கே-யின் ஒரு பகுதியும் அங்கேதான் உண்டாகிறது. இடத்தையும் உணவையும் இவை பிடித்துக்கொண்டிருப்பதாலேயே, வெளியிலிருந்து வரும் நோய்க்கிருமி எளிதில் வேரூன்ற முடிவதில்லை.

தாய்ப்பாலைப் பற்றி ஒரு செய்தி. ஆய்வகத்துக்கு வரும் இளம் தாய்மாரிடம் இதைச் சொல்லாமல் நான் விட்டதில்லை. பாலிலுள்ள திடப்பொருள்களில் லாக்டோஸுக்கும் கொழுப்புக்கும் அடுத்து அதிகமாக இருப்பது, ஒலிகோசாக்கரைடு எனப்படும் ஒருவகைச் சர்க்கரைத் தொகுதி. இதைக் குழந்தையால் செரிக்கவே முடியாது. தாயின் உடல் இவ்வளவு சிரமப்பட்டுச் செய்யும் ஒரு பொருள் குழந்தைக்குப் பயன்படாமல் குடலைக் கடந்து போகிறதே என்று முதலில் வியந்தவர்கள், பிறகு அது யாருக்கான உணவு என்று கண்டுகொண்டார்கள்: குழந்தையின் பெருங்குடலில் வாழும் பிஃபிடோபாக்டீரியம் அதை உண்டு வளர்கிறது. தாய் ஊட்டுவது குழந்தையை மட்டுமன்று. பிறப்பின்போதும், பால் குடிக்கும்போதும், பிறர் தூக்கிக் கொஞ்சும்போதும் வந்து சேரும் இந்தக் கூட்டம் பெரியவர்களுடையதைப் போல நிலைபெற ஏறத்தாழ 3 வயதாகும். அதுவரையில் அது ஆள் மாறிக்கொண்டே இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நுண்ணுயிரே இல்லாமல் ஓர் உயிரை வளர்த்தால் என்ன ஆகும் என்பதற்கும் விடை இருக்கிறது. மூடிய கூண்டில், வடிகட்டிய காற்றும் கிருமிநீக்கிய உணவும் கொடுத்து, ஒரு பாக்டீரியாகூட இல்லாத எலிகளை ஆய்வகங்களில் வளர்க்கிறார்கள். அவை உயிரோடுதான் இருக்கின்றன. ஆனால் அவற்றின் குடற்சுவரில் நோயெதிர்ப்பு அமைப்பு வளர்ச்சி குன்றியிருக்கும். எடையைக் காத்துக்கொள்ள மற்ற எலிகளைவிட அதிகம் தின்ன வேண்டியிருக்கும். கூண்டுக்கு வெளியே எடுத்துவிட்டால் மற்ற எலிகள் எளிதாகத் தாங்குகிற தொற்றுகூட அவற்றைச் சாய்த்துவிடும். கிருமியே இல்லாத வீடு முடியுமா என்று கேட்டீர்களே, முடியும்; அது அந்தக் கூண்டு.

இப்போது உங்கள் மாமியார் சொன்னதற்கு வருகிறேன். அவர் சொன்னதில் முதல் பாதி பெருமளவு சரி. காதுக்கென்று கொடுத்த ஆன்டிபயாடிக் காதோடு நிற்பதில்லை. குடலுக்கும் போய், அங்கே தன்னால் முடிந்தவற்றை எல்லாம் கொல்கிறது. எல்லாமும் செத்துப்போவதில்லை, சில இனங்கள் சரிந்து, தாக்குப்பிடித்த சில இனங்கள் மேலோங்குகின்றன. செரிமானத்தில் அவை செய்துவந்த வேலை குறைவதால் குடலில் நீர் தங்கி மலம் இளகுகிறது. பெரும்பாலான குழந்தைகளிடம் எஞ்சியவை பெருகி, சில வாரங்களில் நிலைமை பெருமளவு பழையபடி திரும்பிவிடும்.

அவருடைய இரண்டாம் பாதியைத்தான் அப்படியே ஏற்க முடியவில்லை. ஆன்டிபயாடிக்கோடு சேர்த்துத் தொடக்கத்திலிருந்தே கொடுக்கப்படும் குறிப்பிட்ட சில புரோபயாடிக் வகைகள் குழந்தைகளின் வயிற்றுப்போக்கைக் குறைக்கின்றன என்பதற்கு ஓரளவு நல்ல சான்றுகள் உள்ளன. அந்தக் கட்டம் உங்களுக்குக் கடந்துவிட்டது. மருந்து முடிந்த பின் கொடுப்பது இழந்த கூட்டத்தைத் திரும்பக் கொண்டுவருமா என்றால், இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவன ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட முடிவு பலரையும் யோசிக்கவைத்தது: ஆன்டிபயாடிக் எடுத்த பெரியவர்களில் புரோபயாடிக் சாப்பிட்டவர்களுக்கு, எதுவும் சாப்பிடாதவர்களைவிடத் தாமதமாகவே பழைய நுண்ணுயிர்க் கூட்டம் திரும்பியது. வெளியிலிருந்து வந்த சில இனங்கள் இடத்தைப் பிடித்துக்கொண்டு ஊர்க்காரர்களைக் காத்திருக்கவைத்தன என்றுதான் சொல்ல வேண்டும். சிறிய ஆய்வு, அதுவும் பெரியவர்களிடம் நடந்தது என்பதால் அதை வைத்தே தீர்ப்பு எழுதிவிட மாட்டேன். ஆனாலும் நலமாக விளையாடிக்கொண்டிருக்கும் குழந்தைக்கு இப்போது அதை நீங்களாக வாங்கிக் கொடுக்கத் தேவையில்லை என்பதே என் கருத்து. குறைமாதக் குழந்தைகளுக்கும் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களுக்கும் புரோபயாடிக்கிலுள்ள உயிர்களே இரத்தத்தில் புகுந்து தொற்றை உண்டாக்கியது உண்டு. வழி மாறினால் 'நல்ல கிருமி' என்ற பெயர் உதவாது. அடுத்த முறை மருத்துவர் ஆன்டிபயாடிக் எழுதும்போது, "இது பாக்டீரியாவால் வந்ததா, வைரஸால் வந்ததா? இரண்டு நாள் பொறுத்துப் பார்க்கலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். குழந்தைகளின் காதுத் தொற்றில் எல்லாவற்றுக்கும் அந்த மருந்து தேவைப்படுவதில்லை. சளிக் காய்ச்சலுக்குக் காரணமான வைரஸை அது தொடுவதே இல்லை. தேவை என்று அவர் சொன்னால், தயங்காமல் சொன்ன நாள் வரை கொடுங்கள்.

இனி வீடு. வியன்னா பொது மருத்துவமனையின் பிரசவப் பிரிவு ஒன்றில் 1847 ஏப்ரலில், பிரசவித்த தாய்மார்களில் 18 விழுக்காட்டுக்கு மேல் காய்ச்சலில் இறந்தார்கள். அங்கே பணியாற்றிய இக்னாஸ் செமல்வைஸ், மருத்துவர்களும் மாணவர்களும் பிண அறுவை அறையிலிருந்து நேரே பிரசவ அறைக்கு வருவதைக் கவனித்து, குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கைகழுவிவிட்டு வரும்படி மே மாதத்தில் கட்டாயப்படுத்தினார். ஜூலையில் இறப்பு 1 விழுக்காட்டை ஒட்டி இறங்கிவிட்டது. அந்தக் காய்ச்சலைத் தந்த பாக்டீரியாவை அவர் பார்த்ததில்லை. நோய்க்கு நுண்ணுயிர் காரணம் என்று லூயி பாஸ்டர், ராபர்ட் கோக் என்னும் அறிவியலாளர்கள் நிறுவுவதற்கு இன்னும் பல ஆண்டுகள் இருந்தன. அவர் அந்த மருத்துவமனையின் தரையையும் சுவரையும் கிருமியற்றதாக்க முனையவில்லை. பிணத்திலிருந்து தாய்க்குப் போகிற வழியை அறிந்து, அந்த ஒரு வழியை மட்டும் அடைத்தார்.

உங்கள் வீட்டில் அத்தகைய வழிகள் எவை? முதன்மையானது கை. கழிவறைக்குப் போய்வந்த பின், டயப்பர் மாற்றிய பின், சமைக்கும் முன், குழந்தைக்கு ஊட்டும் முன், பச்சை இறைச்சியையோ முட்டையையோ தொட்ட பின், மூக்குச் சிந்திய பின், வெளியிலிருந்து வந்தவுடன் சோப்புப் போட்டு 20 விநாடி தேய்த்து ஓடும் நீரில் கழுவ வேண்டும். சாதாரண சோப்பே போதும். கிருமிகளைக் கொல்லும் என்று விற்கப்பட்ட சோப்புகளில் இருந்த டிரைக்ளோசான் உள்ளிட்ட 19 பொருள்களை, அவை சாதாரண சோப்பைவிட மேலானவை என்று தயாரிப்பாளர்கள் நிறுவாததால், அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2016இல் விலக்கிவிட்டது. சானிடைசர் தண்ணீர் கிடைக்காத இடத்துக்கு உதவும், ஆல்கஹால் 60 விழுக்காடாவது இருக்குமானால். ஆனால் கையில் அழுக்கு இருந்தால் அது சரியாக வேலை செய்யாது. குழந்தைகளுக்கு வாந்தி பேதி தரும் நோரோவைரஸிடமும் அது திணறும்.

அடுத்தது, நீங்கள் கடிதத்தில் குறிப்பிடாத ஒன்று: பாத்திரம் தேய்க்கும் பஞ்சு. ஜெர்மனியில் 2017இல் வெளியான ஆய்வொன்றில், பயன்படுத்திய பஞ்சின் சில இடங்களில் ஒரு கன சென்டிமீட்டருக்கு 5,000 கோடி பாக்டீரியாக்கள் வரை இருந்தன. ஈரம், உணவுத் துணுக்கு, மிதமான வெப்பம் மூன்றும் அங்கே ஒருசேரக் கிடைக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை நோய் தராதவை என்றாலும், பச்சை இறைச்சியின் நீரைத் துடைத்த பஞ்சால் குழந்தையின் கிண்ணத்தையும் தேய்த்தால் அது ஒரு வழியாகிவிடுகிறது. பிழிந்து காயவையுங்கள், வாரம் ஒருமுறை மாற்றுங்கள், இறைச்சிக்கு வேறு துணி வைத்துக்கொள்ளுங்கள். தரைக்கு மூன்று முறை செலவழிக்கும் நேரத்தில் இதெல்லாம் முடிந்துவிடும்.

தரை எனக்குப் பெரிய கவலையன்று. காய்ந்த தரையில் பாக்டீரியா பெருகுவது கடினம். அங்கே அதற்கு நீர் இல்லை. கிருமிநாசினிப் புட்டியில் எழுதியிருக்கும் '99.9 விழுக்காடு' என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து லட்சம் இருந்தால் ஆயிரம் எஞ்சும். ஈரமும் உணவும் இருக்கும் இடத்தில் ஈ.கோலை 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கக்கூடியது. அந்த ஆயிரம் மீண்டும் பத்து லட்சமாக மூன்றரை மணி நேரம்கூட ஆகாது. ஆகவே ஊற்றிய மருந்தைவிட, துடைத்த பின் தரை காய்ந்ததா என்பதே முக்கியம். மேலும் அந்த 99.9, முதலில் அழுக்கை நீக்கிவிட்டு, புட்டியில் குறித்துள்ள அத்தனை நிமிடமும் ஈரமாக விட்டுவைத்தால் கிடைப்பது. ஊற்றியவுடன் வழித்தெடுத்துவிட்டால் கிடைக்காது. நாளுக்கு ஒருமுறை சோப்புத் தண்ணீரில் துடைத்து உலரவிட்டால் போதும். கிருமிநாசினியை வாந்தி, மலம், இரத்தம் பட்ட இடத்துக்கும், வீட்டில் யாருக்காவது வயிற்றுப்போக்கு இருக்கும்போது கழிவறைக்கும், குழாய்த் திருகுக்கும், கதவுக் கைப்பிடிக்கும் வைத்துக்கொள்ளுங்கள். நாளெல்லாம் தரையில் தங்கும் அதன் எச்சம், கையை வாயில் வைக்கும் குழந்தையின் வயிற்றுக்குத்தான் போகும்.

உங்கள் கணவருக்கும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் ஆமிஷ், ஹட்டரைட் என்னும் இரு வேளாண் சமூகங்களின் குழந்தைகளை ஒப்பிட்டு 2016இல் ஓர் ஆய்வு வெளியானது. இரு சாராரின் மூதாதையரும் ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள், மரபணு அளவில் நெருங்கியவர்கள். மாட்டுக் கொட்டகையை வீட்டருகிலேயே வைத்திருக்கும் ஆமிஷ் குழந்தைகளிடம் ஆஸ்துமா, ஹட்டரைட் குழந்தைகளிடம் இருந்ததில் நான்கில் ஒரு பங்கு அளவுகூட இல்லை. அவர்கள் வீட்டுத் தூசியை எலிகளின் மூக்கில் விட்டபோது அவற்றுக்கும் ஒவ்வாமையிலிருந்து பாதுகாப்புக் கிடைத்தது. எனவே மண்ணும் செடியும் விலங்கும் குழந்தைக்கு அந்நியமாக இருக்கக் கூடாது என்று அவர் நினைப்பதில் பொருள் இருக்கிறது. ஆனால் நோய் வந்தால் நல்லது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. தட்டம்மை மற்ற நோய்களுக்கான எதிர்ப்புச் சக்தியை வளர்ப்பதில்லை; அவற்றுக்கு எதிராக உடல் முன்பே சேர்த்துவைத்த எதிர்ப்பு நினைவில் ஒரு பகுதியையும் அழித்துவிட்டுப் போகிறது. நாயும் பூனையும் மலம் கழிக்கும் மண்ணில் உருளைப்புழு முட்டைகள் இருக்கும். டெட்டனஸ் வித்துகளும் மண்ணில்தான் இருக்கின்றன. தடுப்பூசிகளை உரிய நாளில் போட்டுவிடுங்கள், சுத்தமான இடமாகப் பார்த்து விளையாட விடுங்கள், வந்தவுடன் கையைக் கழுவிவிடுங்கள். இப்போது இளகலாகப் போய்க்கொண்டிருக்கும் வயிற்றுக்கு மண் மருந்தாகாது என்பதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.

கடைசியாக அந்தப் பொம்மை. வீட்டுத் தரையில் விழுந்ததை எடுத்து உதறிக் கொடுத்துவிடலாம்; அழுக்கானால் சோப்புத் தண்ணீரில் கழுவி உலர்த்துங்கள். கழிவறையிலோ தெருவிலோ விழுந்தால், நோயுற்ற வேறு குழந்தை வாயில் வைத்திருந்தால், அப்போது மட்டும் கொதிநீர் போதும். அதுவும் அடுப்பருகே அவள் நிற்காத நேரமாகப் பார்த்து.